பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியை இரண்டு மணி நேரத்தில் எப்படிக் காட்டுவது?

குடியாத்தம்_உயிரியல் கேட்டது:

வணக்கம். குடியாத்தம் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளி. பத்தாவது, பிளஸ் ஒன் சேர்த்து 60 பிள்ளைகள். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சி, மருத்துவம் பக்கம் அவர்களுக்கு உண்மையான ஆசை வரும்படி ஏதாவது செய்ய வேண்டும். மேடை, மைக், பொன்னாடை வேண்டாம். கையால் செய்து பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது.

சிஎம்சி மருத்துவமனையின் பெயர் தெரியாத பிள்ளை வேலூர் மாவட்டத்தில் கிடையாது. ஆனால் அங்கே டாக்டர், நர்ஸ் தவிர யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால் வகுப்பே மௌனம். கைவசம் 3 மைக்ராஸ்கோப், ஒரு பாட்டில் அசிட்டோகார்மைன் (குரோமோசோமைச் சிவப்பாகக் காட்டும் சாயம்), ஒரு புரொஜெக்டர், 1,500 ரூபாய்.

இரண்டு தயக்கங்கள். பல வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். சில வீடுகளில் நோயாளியே இருக்கலாம். யார் மனமும் நோகக் கூடாது. அதோடு, நீட் எழுதாத பிள்ளைக்கு இந்தத் துறையில் இடம் உண்டா என்பதையும் விவரமாகச் சொல்லுங்கள்.

வேர்நுனி பதில்:

டீச்சர், உங்களிடம் அசிட்டோகார்மைன் இருக்கிறதென்றால் பாதி வேலை முடிந்தது. வாழைப்பழத்தில் டிஎன்ஏ எடுக்கிற சோதனையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வெள்ளையாக நூல் மிதந்ததும் கதை முடிந்துவிடும், அடுத்த கேள்வி பிறக்காது. வெங்காய வேர்நுனியை எடுங்கள். செல் பிரிவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைதான் "இது எப்போ நிக்கும்?" என்று கேட்கும். புற்றுநோய் ஆராய்ச்சி தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான்.

புதன்கிழமை முளைவிடத் தொடங்கிய பழைய வெங்காயமாக 8, 10 வாங்கி, காய்ந்த வேர்களைச் சுரண்டிவிட்டு, தண்ணீர் நிறைந்த டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். அடிப்பகுதி தண்ணீரைத் தொட்டால் போதும். முழுகினால் அழுகி நாற்றம் வரும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். கடையில் கிடைக்கும் சில வெங்காயம் வேரே விடாது, அதனால்தான் எண்ணிக்கையில் கூடுதலாக வைக்கச் சொல்கிறேன். வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வந்ததும் காலை எட்டரையிலிருந்து பத்துக்குள் வெட்டுங்கள். ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு எத்தனால் கலந்த கரைசலில் 24 மணி நேரம் போட்டால் செல்கள் அந்த நிலையிலேயே உறைந்து நிற்கும். எத்தனால் இல்லையென்றால் வெட்டியதை நேராகச் சாயத்தில் போட்டு அன்றே பார்த்துவிடலாம். தெளிவு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

வாட்ச் கிளாஸில் 9 சொட்டு அசிட்டோகார்மைனுக்கு 1 சொட்டு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம் செல்களை ஒட்ட வைத்திருக்கும் பசையைத் தளர்த்தும். அதை விட்டுவிட்டால் நசுக்கும்போது செல்கள் பிரியாமல் கட்டியாக நிற்கும். ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்டி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள், கொதிக்கக் கூடாது. பிறகு ஸ்லைடில் வைத்து, நுனியில் அடர்சிவப்பாகத் தெரியும் 2 மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறியுங்கள். மேல்பகுதி வேரில் செல்கள் நீளுமே தவிரப் பிரியாது. பெரும்பாலான பிள்ளைகள் தப்புப் பகுதியை வைத்துக்கொண்டு "ஒண்ணுமே தெரியல" என்பது இங்கேதான். 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு, கவர்ஸ்லிப், மேலே ஒற்றுத்தாள், கட்டைவிரலால் நேராக ஒரே அழுத்து. விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

3 மைக்ராஸ்கோப்புக்கு 60 பேர் என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். முந்தைய நாளே நல்ல ஸ்லைடு ஒன்றை 40 மடங்கு அப்ஜெக்டிவில் வைத்து, ஐபீஸ் மேல் செல்போனைப் பிடித்துப் படமெடுத்து 12 பிரிண்ட் போடுங்கள். ஐந்து பேர் கொண்ட குழு, குழுவுக்கு ஒரு படம். மொத்த செல் எத்தனை, பிரிந்துகொண்டிருப்பவை எத்தனை என்று எண்ணி, இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கட்டும். எண்ணுகிற நேரத்தில் குழு குழுவாக மைக்ராஸ்கோப் பக்கம் வந்து போகலாம். பன்னிரண்டு குழுவின் விடையையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒன்றாக இருக்காது. ஏன் வேறுபட்டது என்று அவர்களே சண்டை போடட்டும், நீங்கள் அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள்.

முடித்ததும் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் நிற்கும் நித்தியகல்யாணிச் செடியில் ஒரு கிளையைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். சுடுகாட்டு மல்லி என்று அவர்கள் ஒதுக்குகிற செடிதான். அதிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் புற்றுநோய் மருந்துகள். குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கிற கதிர்கோல் இழைகள் உருவாக விடாமல் தடுத்து, செல்லை மெட்டாஃபேஸிலேயே, அதாவது குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டத்திலேயே, நிறுத்திவிடும். சற்று முன் எண்ணிய படத்தில் மெட்டாஃபேஸ் எது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் மருந்து எங்கே கை வைக்கிறது என்பது விளங்கிவிடும். இலையை மெல்லவோ கஷாயம் வைக்கவோ கூடாது, விஷம் என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். யாராவது வீட்டில் போய்ச் சொல்லி யாராவது காய்ச்சிக் குடித்துவிடக் கூடாது. பச்சை இலைக்கும் மருந்துக்கும் நடுவே பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, அளவு கண்டுபிடிக்கிற வேலை எவ்வளவு இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லலாம்.

புளியங்கொட்டை_கணக்கு பதில்:

வேர்நுனி சார் சொன்னதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இதைப் பார்த்துவிட்டு "கேன்சர் செல்தான் ரொம்ப வேகமாப் பிரியும்" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், முடியின் வேர் எல்லாம் நாள்தோறும் மும்முரமாகப் பிரிகிற நல்ல செல்கள்தான். கீமோவில் முடி உதிர்வதும் ரத்த அணு குறைவதும் அதனால்தான். வேகம் இங்கே முக்கியமில்லை. நில் என்றால் நிற்காதது, சாக வேண்டிய நேரத்தில் சாகாதது, தன் இடத்தை விட்டு வெளியேறுவது, இவைதான் கோளாறு.

இரண்டாவது மணி நேரத்துக்கு என் யோசனை. செலவு கிட்டத்தட்ட இல்லை. 1,000 புளியங்கொட்டை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் 10 கொட்டையை வெள்ளை தெரிய உரசிவிடுங்கள், அவை நோயுள்ளவர்கள். இது கற்பனைக் கணக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரிசோதனை ஒன்று நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 10 சதவீதம் பேரைத் தவறாகப் பிடிக்கிறது. "பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்டுக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். தொண்ணூறு என்பார்கள். இப்போது கொட்டையைப் பிரியுங்கள். வெள்ளையில் 9 இந்தப் பக்கம், 1 தப்பிப் போச்சு. மீதி 990இல் 99 இந்தப் பக்கம். தட்டில் 108 கொட்டை, அதில் வெள்ளை 9. நூற்றுக்கு எட்டுதான்.

தட்டைப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரே டெஸ்ட்டை வைத்துப் புற்றுநோய் என்று ஏன் சொல்வதில்லை, திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி எதற்கு, யாரைப் பரிசோதிப்பது என்று ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள், எல்லாம் அந்தத் தட்டிலேயே இருக்கிறது. 10 என்பதை 200 ஆக்கி இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள். 180 சரி, 80 தவறு. அதே டெஸ்ட், ஆள் மாறினால் பொருள் மாறுகிறது. கணக்கு நன்றாக வருகிற, ரத்தம் பார்த்தால் மயங்குகிற பிள்ளைக்கு உயிர்ப்புள்ளியியல் என்று ஒரு துறை இருப்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு பகுதியில் யார் யாருக்கு என்ன புற்றுநோய் வந்தது என்று பதிகிற மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு என்பது இப்படி எண்ணுகிறவர்களின் உழைப்பு. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்தி வருகிறது.

கதிரியல்_ராணிப்பேட்டை பதில்:

வேலை வழிகளைப் பட்டியலாகத் திரையில் ஓட்டாதீர்கள் டீச்சர், மனதில் நிற்காது. ஒரே நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பில் கட்டியோடு வந்த ஒரு அம்மா. ஊசியால் எடுத்த துணுக்கை மெழுகில் வைத்துச் சில மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்றுகிறவர் லேப் டெக்னீஷியன், பி.எஸ்சி மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தவர். அதைப் பார்த்துப் பெயர் சொல்கிறவர் பேத்தாலஜி டாக்டர். அறுவை முடிந்து கதிர்வீச்சு என்றால், இப்போது பரவலாக உள்ள ஒரு முறையில் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை 15 நாள் தவணையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதைக் கணினியில் திட்டமிட்டு, நுரையீரலுக்கும் இதயத்துக்கும் எவ்வளவு படும் என்று கணக்குப் போட்டு, இயந்திரம் சரியான அளவைத்தான் தருகிறதா என்று சோதிக்கிறவர் மருத்துவ இயற்பியலாளர். அவர் நீட் எழுதியவரில்லை. பி.எஸ்சி இயற்பியல், பிறகு எம்.எஸ்சி மருத்துவ இயற்பியல், ஒரு வருடப் பயிற்சி. எம்.எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஒரு வருட டிப்ளமோ படிப்பது இன்னொரு வழி. இயந்திரத்தில் நோயாளியைப் படுக்க வைத்து மில்லிமீட்டர் பிசகாமல் நிறுத்துகிறவர் கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பர்.

பத்தாவது பிள்ளைகளுக்கு முக்கியமானது பிளஸ் ஒன் குரூப். நீட் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல். கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் இயற்பியல் வழி, பயோடெக்னாலஜி வழி, மருத்துவ வழி மூன்றும் திறந்தே இருக்கும். மார்க் குறையுமோ என்ற பயத்தில் கணக்கை விடுகிறவர்கள் பின்னால்தான் வருத்தப்படுகிறார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021 முதல். "நல்ல கோச்சிங் இருக்கு" என்று பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால் அது போய்விடும். பெற்றோர் கூட்டத்தில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், தெரியாமல் மாற்றுகிறார்கள்.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு. ஐந்து வருடம் பட்டமும் முதுகலையும் சேர்ந்தே வரும். நமக்குக் கிட்ட இருப்பது திருப்பதி ஐசர், காட்பாடியில் ரயில் ஏறினால் போதும். அது கிடைக்காவிட்டாலும் கல்லூரியில் பி.எஸ்சி, எம்.எஸ்சி முடித்து தேசியத் தகுதித் தேர்வில் ஜூனியர் ஃபெல்லோஷிப் வாங்கினால், பிஎச்டி படிக்கும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. படிக்கிறதுக்குக் காசு தருவார்கள் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. பழைய வழிகாட்டிகளில் இருக்கும் கேவிபிஒய் என்ற அறிவியல் உதவித்தொகைத் தேர்வு 2022இல் நின்றுவிட்டது, அதைச் சொல்ல வேண்டாம்.

பரீட்சையில் தவறியவர்கள் காதில் எல்லாப்பிரகட சுப்பாராவ் பெயரைப் போடுங்கள். மெட்ரிக்குலேஷனை மூன்றாவது முயற்சியில் சென்னையில் தேறியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் அவர் குழு உருவாக்கிய அமினோப்டெரின் மருந்தைத்தான் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948இல் வெளியிட்டார். அந்த முன்னேற்றம் தற்காலிகம்தான், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதன் உறவுக்கார மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

உள்ளூர்க் கதையும் உண்டு. ஏபிஎல் என்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரைஆக்சைடை மட்டும் தனியாகக் கொடுத்து சிஎம்சியில் 1998 முதல் சிகிச்சை செய்து, 72 பேரின் முடிவுகளை 2006இல் வெளியிட்டார்கள். விலை உயர்ந்த மருந்தை வாங்க முடியாத நோயாளிக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வி, வேலூரிலேயே ஆராய்ச்சியானது.

குடியாத்தம்_உயிரியல்:

மூவருக்கும் நன்றி. புளியங்கொட்டை நிச்சயம். பீடி விஷயத்தையும், வீட்டில் நோயாளி இருக்கிற பிள்ளைகளையும் எப்படிக் கையாள்வது?

பாலாற்றங்கரை_செவிலியர் பதில்:

மேடம், "யார் வீட்டுல கேன்சர் இருக்கு?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வாசலில் ஒரு அட்டைப்பெட்டி, பக்கத்தில் துண்டுச்சீட்டு, பெயர் எழுத வேண்டாம். கேள்விகளை முந்தின வாரமே வாங்கிப் படித்துவிடுங்கள். தொட்டால் ஒட்டுமா, அம்மாவுக்கு வந்தால் எனக்கும் வருமா, பாவத்தால் வருமா, இவை கட்டாயம் வரும். ஒட்டாது. பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை, சிறு பங்கு அப்படி வரும். பாவம் எதுவும் இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி கிருமி தொற்றும் என்பது வேறு, புற்றுநோய் தொற்றுவது வேறு. தடுப்பூசியைப் பற்றிச் சொல்ல அதுவே இடம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீளும், பாதியில் விடாமல் முடித்தவர்களில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். "குணமாகிடும்" என்று மட்டும் எல்லோருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒருவரை இந்நோய்க்கு இழந்த பிள்ளை ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

பீடியைப் பேசும்போது புகைப்பதையும் சுற்றுவதையும் பிரித்துப் பேசுங்கள். புகை புற்றுநோய் தருவது நிரூபணமானது. சுற்றுகிற அம்மாவின் கூலியில்தான் அந்தப் பிள்ளையின் நோட்டு வாங்கியிருக்கிறது, அதனால் குற்றம் சுமத்துகிற தொனி ஒரு சொல்லில்கூட வரக் கூடாது. தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டுவது, காற்றோட்டமான இடத்தில் உட்காருவது, கை கழுவிவிட்டுச் சாப்பிடுவது, பால் குடிக்கிற குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைக்காதது, இவற்றைச் சொன்னால் வீட்டுக்கு உபயோகம். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பிள்ளைகள் தோல் பதனிடுவதைக் கேட்டால் ஒன்று கவனியுங்கள்: பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம், மூச்சு வழியே போய் நுரையீரல் புற்றுநோய் தருவது அறுவிணைதிறன் குரோமியம். இரண்டையும் கலந்து பேசி ஊரைப் பயமுறுத்த வேண்டாம்.

பின்னொரு நாள் எங்கேயாவது கூட்டிப்போக நினைத்தால் வார்டு வேண்டாம், நோயாளிகள் காட்சிப்பொருள் இல்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களில் நோயுற்ற உறுப்புகளைப் பாடம் செய்து வைத்திருக்கும் பேத்தாலஜி மியூசியம் இருக்கும். தலைமையாசிரியர் கையெழுத்தோடு முதல்வருக்கு இரண்டு மாதம் முன்னாலேயே கடிதம் எழுதுங்கள், 15 பேருக்கு மேல் ஒரே தடவை கேட்காதீர்கள். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைதான் ஃபார்மலின் வாடையில் மயங்கி விழும், அதனால் பஸ் ஏறும் முன் எல்லோரும் இட்லி சாப்பிட்டாச்சா என்று பாருங்கள்.

வேர்நுனி:

ஒன்று விட்டுப்போச்சு டீச்சர். அசிட்டோகார்மைன் பாட்டிலில் அடியில் மண்டி இருந்தால் வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்லைடு முழுக்கச் சிவப்புத் துகள் தெரியும், பிள்ளைகள் அதையும் குரோமோசோம் என்று எண்ணிவிடுவார்கள். வெங்காயத்தைப் புதனுக்குப் பதில் செவ்வாயே வையுங்கள். குளிர்காலத்தில் வேர் ஒரு நாள் தாமதமாகும்.