குவேசார் தாரையும் காற்றும்: தள்ளுறது ஆர், காந்தமா வெளிச்சமா?

கொட்டாஞ்சேனை குகன்:
ஏ.எல். படிக்கிற மகள் கேக்கிறாள்: கருந்துளைக்குள்ள போனது திரும்பாது எண்டால், குவேசாரில (பெரிய கருந்துளை வாயுவை விழுங்கேக்க பளிச்செண்டு எரியிற கலக்சி மையம்) இருந்து அவ்வளவு நீளத்துக்குத் தாரை (ஒடுங்கிப் பாயிற துணிக்கை ஓட்டம்) எப்படி வெளியில வருது? ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

வெள்ளவத்தை வாசன்:
குகன் அண்ணை, உள்ள போனது வெளியில வரேல்லை. விழப்போற வாயு கோண உந்தத்தால நேரா விழாமல் தட்டாச் சுத்துது. அது இழுத்துக்கொண்டு வாற காந்தக்கோடுகள் சுழலுற கருந்துளையில முறுகி, அதின்ர சுழற்சிச் சக்தியை எடுத்து ரெண்டு துருவப் பக்கமும் தள்ளும். 1977இல பிளான்ட்ஃபோர்ட்டும் ஸ்னாயெக்கும் போட்ட கணக்கு இது. எம்87 எண்ட கலக்சியின்ர கருந்துளைக்கு 2021இல வந்த முனைவாக்கப் படத்தை (வெளிச்ச அலை எந்தத் திசையில அதிருது எண்டு காட்டுறது) பாருங்கோ, விளிம்பில காந்தப்புலம் ஒழுங்காச் சுருண்டு கிடக்குது. தட்டில இருந்து அகலமா வீசுற வாயுவைத்தான் காற்று எண்டிறது, அதுவும் இதே காந்த வேலைதான். வேகம் குறைவு, அவ்வளவுதான்.

பௌதிக ரீச்சர்:
"அவ்வளவுதான்" எண்டு முடிக்காதேங்கோ தம்பி. எம்87 குவேசாரே இல்லை, அதுக்குள்ள விழுற வாயு கொஞ்சம். குவேசார்களிலயும் பத்தில ஒண்டுக்குத்தான் பலமான ரேடியோத் தாரை. மற்ற ஒன்பதும்? தட்டின்ர புற ஊதா வெளிச்சமே காற்றைக் கிளப்பும். காபன், நைதரசன் அயன்கள் (இலத்திரன் சிலதை இழந்த அணுக்கள்) தங்களுக்குரிய அலைநீளத்தை விழுங்கேக்க அதின்ர உந்தத்தையும் வாங்குது. நிறமாலையில அந்தக் கறுப்புக் கோடு அகலமாகி நீலப் பக்கம் விலகி நிக்கும். விலகலை அளந்தால் ஒளிவேகத்தின்ர பத்தில ஒரு பங்கு வரைக்கும் வருது. காற்று எண்டோன்ன காலிமுகத்திடலை நினைக்காதேங்கோ குகன்.

வெள்ளவத்தை வாசன்:
தட்டுக்குக் கிட்ட எக்ஸ் கதிரும் இருக்கே ரீச்சர். அது இலத்திரனை உரிச்சுப்போட்டால் புற ஊதா எதைப் பிடிச்சுத் தள்ளுறது? பிடிஎஸ் 456 எண்ட குவேசாரில இரும்புக்கு மிஞ்சினது ஒண்டு ரெண்டு இலத்திரன். காற்றோ ஒளிவேகத்தின்ர கால்வாசி!

பௌதிக ரீச்சர்:
அகலக் கோடு தெரியிற குவேசார்கள் எக்ஸ் கதிரில மங்கல். உள்பக்க வாயு மறைப்புக் கட்டியிருக்கலாம். பிடிஎஸ் 456 எடிங்டன் எல்லைக்குக் (வெளிச்சத்தின்ர தள்ளு ஈர்ப்புக்குச் சமமாகிற பிரகாசம்) கிட்ட எரியிற சாமான். அங்க தனி இலத்திரனில சிதறுற வெளிச்சமே ஈர்ப்போட மல்லுக்கட்டும். அதை உங்கட பக்கம் விட்டுத்தர ஏலாது.

பம்பலப்பிட்டி பாபு:
3சி 273 எண்ட குவேசாரில பளிச்செண்ட தட்டும் இருக்கு, தாரையும் இருக்கு. அந்தத் தாரையையும் வெளிச்சமோ தள்ளினது?

பௌதிக ரீச்சர்:
இல்லை. அந்த வேகத்தில ஓடுற துணிக்கையை முன்னால இருந்து அடிக்கிற வெளிச்சமே தடுத்துப்போடும். தாரை காந்தத்தின்ர, அதில சண்டை இல்லை. காற்றை விடமாட்டன்.

வெள்ளவத்தை வாசன்:
பாதி வந்திட்டீங்கள். 1982இல பிளான்ட்ஃபோர்ட்டும் பேயினும் காட்டினது தெரியும்தானே: காந்தக்கோடு நிலைக்குத்தில இருந்து 30 பாகைக்கு மேல சரிஞ்சால் தட்டு வாயு தானா வீசுப்படும். இலத்திரன் இருந்தா என்ன, உரிஞ்சா என்ன?

கொட்டாஞ்சேனை குகன்:
மகளின்ர அடுத்த கேள்வி: அந்தக் கறுப்புக் கோடு வருசம் போக மாறுமோ?

பௌதிக ரீச்சர்:
ஓம் பிள்ளை, சிலதில மறைஞ்சே போயிருக்கு, சிலதில புதுசா முளைச்சிருக்கு. வெளிச்சத்தோட சேர்ந்து மாறினால் என்ர பக்கம் பலம்.

வெள்ளவத்தை வாசன்:
அது அயனாக்கம் மாறினதைத்தான் காட்டும் ரீச்சர். தள்ளினது ஆர் எண்டு எங்க காட்டுது?