பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல்: கொல்லைக்கு எடுத்துப் போகலாமா, பெட்டியிலேயே வைக்கலாமா?

அணைக்கட்டு கொல்லைக்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அணைக்கட்டு பக்கம் மலையடிவாரத்தில் கொல்லை. மல்லாட்டை, கொஞ்சம் மாமரம். தாத்தாவுடைய 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, வாரிசு முறையில் லைசென்ஸ் மாறி என் கைக்கு வந்திருக்கிறது. பர்மிங்காமில் செய்தது, பாக்ஸ்லாக் (சுடும் பொறி பெட்டி போன்ற உடலுக்குள் இருக்கும் வகை), சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் உண்டு, குழல் 28 அங்குலம். குழலின் அடியில் கிரீடம், அதற்குக் கீழே என்.பி. என்ற எழுத்து, பக்கத்தில் 2½ அங்குலம், 1⅛ அவுன்ஸ் என்று குறிகள் இருக்கின்றன. பூவேலைப்பாடு கூர் மழுங்காமல் அப்படியே இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் நல்ல விலைக்குப் போகும், வெளியில் எடுக்காதே என்கிறார்கள்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். காட்டுப்பன்றி வரும் சீசனில் கொல்லைக் காவலுக்கு இதை எடுத்துப் போகலாமா? களிமண் தட்டு சுடும் பயிற்சிக்கு இது தாங்குமா? இங்கே கடையில் கிடைக்கும் தோட்டாவைப் போடலாமா? இல்லையென்றால் இதை வைத்துவிட்டு, நம் ஊர் ஆர்டினன்ஸ் ஃபாக்டரியின் ஒற்றைக்குழல் ஒன்று வாங்கிவிடலாம் என்று யோசனை.

பாலாற்றங்கரை

குறிகளைச் சரியாகப் படித்து எழுதியிருக்கிறீர்கள் தம்பி, பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிட்டது. கிரீடத்துக்குக் கீழே என்.பி. இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்துத் தேறிய குழல். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) நீளத்தையும், ரவை என்கிற ஈயக் குண்டுகளின் எடையையும் சேர்த்து அடிக்கும் வழக்கம் பர்மிங்காமில் 1925 முதல் 1954 வரை இருந்தது. ஆக உங்கள் துப்பாக்கி அந்தக் காலத்தது.

2½ அங்குலம் என்பதுதான் நீங்கள் மறக்கக் கூடாத எண். இப்போது தோட்டாப் பெட்டியில் 65 மி.மீ. என்று போடுவது இந்த நீளத்தைத்தான். 70 மி.மீ. தோட்டா இந்தச் சேம்பரில் தாராளமாக உள்ளே போகும், குழலும் மூடும். எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் நீளம் குறைவாகத் தெரிகிறது. சுட்டதும் மடிப்பு விரிந்து, சேம்பர் முடிந்து குழல் ஒடுங்கும் இடத்துக்குள் நீட்டிக்கொள்ளும். ரவையும் அதன் பின்னால் இருக்கும் ‘வாட்’ என்ற அடைப்பும் அந்த இடுக்கு வழியே நெருங்கிப் போக வேண்டியிருப்பதால் அழுத்தம் ஏறும். ஒரே நாளில் வெடிக்காமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கீல் தேயும், ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் மரக்கட்டை) தலைப்பக்கம் மயிரிழை விரிசல் விடும். பெட்டியில் அச்சடித்த நீளத்தைப் பாருங்கள், கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். 65 மி.மீ. சேம்பருக்கு உகந்தது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். எடை 28 கிராம் போதும். 1⅛ அவுன்ஸ் என்பது 32 கிராம், அது மேல்வரம்பு. தினமும் வரம்பைத் தொட்டுக்கொண்டு சுட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு தோட்டாகூடப் போடுவதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மூடிய நிலையில் ஸ்டாக்கைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். முன்கட்டை இருக்கும்போது அதன் ஸ்பிரிங் ஆட்டத்தை மறைத்துவிடும், கழற்றினால்தான் தெரியும். கடகடவென்றால் கீல் தேய்ந்திருக்கிறது. அடுத்து, குழலை மட்டும் தனியாக எடுத்து, அடிக்கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்று நீள ஒலிக்க வேண்டும். சொத்தென்று கேட்டால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டையின் பற்று எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் போய்த் துரு உட்கார்ந்திருக்கும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் குழலுக்குள் பாருங்கள். வெளிச்ச வளையம் எந்த இடத்திலும் நெளியக் கூடாது, நெளிந்தால் அங்கே நசுங்கல். கருப்புப் புள்ளிகள் சேம்பருக்குப் பக்கத்தில் இருந்தால் கவலை அதிகம், வாய்ப்பக்கம் இருந்தால் குறைவு.

இவை கண்ணாலும் காதாலும் ஆகிற சோதனை. குழலின் உள்விட்டத்தையும் சுவர் கனத்தையும் கருவி வைத்துத்தான் அளக்க முடியும், லைசென்ஸ் பெற்ற ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்கள். 12 போர் என்றால் 0.729 அங்குலம். குழலில் அடித்த அளவைவிட ஆயிரத்தில் பத்து அங்குலம் பெருத்திருந்தால் இங்கிலாந்தில் அது ப்ரூஃப் (பாதுகாப்புச் சோதனை) தவறிய துப்பாக்கி. துருவைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய குழலில் இது நடந்திருக்கும், உள்ளே கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். சுவர் 0.5 மி.மீ.க்குக் கீழே மெலிந்திருந்தால் சுவரில் மாட்டி வைக்க வேண்டியதுதான்.

எல்லாம் தேறினால் தயங்காமல் சுடுங்கள். சுடுவதற்காகச் செய்த சாமான் அது.

கைலாசகிரி அடிவாரம்

மேலே சொன்னது துப்பாக்கியின் பக்கம். கொல்லையின் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் துப்பாக்கியைவிடப் பெரிய இழப்பு வரும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் பன்றியையோ மயிலையோ முயலையோ உங்கள் கொல்லைக்குள் வந்தாலும் நீங்களாகச் சுட முடியாது. பயிர்ப் பாதுகாப்பு என்று லைசென்ஸில் எழுதியிருந்தாலும் அது துப்பாக்கி வைத்திருக்க அனுமதிதான், வேட்டைக்கு அனுமதி இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறையும் விவசாயிக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடவே கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறை ஆட்கள் சுடலாம். மலையடிவாரக் கொல்லை என்கிறீர்கள், முதல் வளையத்துக்குள்தான் இருப்பீர்கள். பயிர்ச்சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து இழப்பீடு கேட்பதுதான் வழி.

வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டு விரட்டலாமே என்பார்கள். அதற்கும் வேண்டாம். 6ஆம் நம்பர் ரவை 200 மீட்டர் வரை போய் விழும். எஸ்.ஜி. என்னும் பெரிய ரவை 600 மீட்டரைத் தாண்டும். இருட்டில் பக்கத்துக் கொல்லை மோட்டார் கொட்டாயில் யார் படுத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கவனமின்றிச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரவைத்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டத்திலேயே 2 வருடம் வரை சிறை உண்டு.

விலை உயர்ந்த துப்பாக்கி என்பதற்காகவும் சொல்கிறேன். இரவுக் காவல் என்றால் பனி, சேறு, வேலிக்கம்பி, சீமைக்கருவேல முள். ஸ்டாக்கில் கீறல் விழுந்தால் ஆற்றிவிடலாம். வரப்பில் சறுக்கிக் குழல் வாயில் விரல்கடை சேறு ஏறி, அது தெரியாமல் சுட்டால் குழல் அந்த இடத்தில் உப்பும், இல்லை கிழியும். உப்பின குழலை யாரும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. விழுந்து எழுந்தால் உடனே குழலை மடித்து, தோட்டாவை எடுத்துவிட்டு, வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இது எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

ஒற்றைக்குழல் வாங்குவது பற்றி: 2019 திருத்தப்படி ஒருவர் பெயரில் 2 துப்பாக்கிதான். ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, இரண்டாவதை யோசித்து எடுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் பழைய ஒருங்கிணைந்த மாவட்ட முகவரி இருந்தால் அதையும் திருத்தி வாங்குங்கள். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்த பிறகு எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. யு.ஐ.என். (லைசென்ஸுக்கான தனி அடையாள எண்) ஏறியிருக்கிறதா என்பதும் முக்கியம்.

குடியாத்தம் தட்டுக்காரன்

களிமண் தட்டுக் கேள்விக்கு நான். பாலாற்றங்கரை அண்ணன் தயங்காமல் சுடுங்கள் என்கிறார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

தட்டு 11 செ.மீ. அகலம், 105 கிராம். ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு. பறந்து போகும் தட்டைச் சுடும் ட்ராப் போட்டியில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி வரை போகும், ஒரு காலையில் 3 ரவுண்டு என்றால் நூறு வெடிக்கு மேல். அந்தக் காலத்து லேசான இரட்டைக்குழல், நாள் பூரா நடந்து எப்போதாவது சுடுபவருக்காகச் செய்தது. 3 கிலோவுக்கு உள்ளே இருக்கும், உதை தோளுக்கும் கீலுக்கும் சேர்ந்து விழும். குழல் சீக்கிரம் சூடேறும். அதில் முன்கட்டை சிறியது, இடது கை குழலையே பிடித்திருக்கும். போட்டிக்காரர்கள் கனமான மேல்கீழ்க் குழல் துப்பாக்கி எடுப்பதன் காரணம் இதுதான். பாரிஸ் 2024இல் ட்ராப் சுட்ட நம் பிருத்விராஜ் தொண்டைமான் போன்றவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு இது கருவி இல்லை.

அதோடு உதிரி பாகம். அந்தத் துப்பாக்கியில் ஒவ்வொரு பாகமும் அரம் போட்டு அதற்கென்றே பொருத்தியது. மெயின் ஸ்பிரிங் முறிந்தால் இன்னொன்றின் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்ட முடியாது, ஒருவர் உட்கார்ந்து செய்து தர வேண்டும். அப்படிச் செய்யும் கைகள் குறைந்துகொண்டே போகின்றன.

ஆகவே பழக்கத்துக்காக ஒரு ரவுண்டு, 24 கிராம் தோட்டா, அதிலும் 65 மி.மீ. கண்டிப்பாக, இரண்டு வெடிக்கு நடுவே ஆற விட்டு. இந்த அளவுக்கு அது பல தலைமுறை தாங்கும். ட்ராப்பில் இறங்க வேண்டுமென்றால் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து கிளப் துப்பாக்கியில் பழகுங்கள்.

சோக், அதாவது குழல் வாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதை எழுதவில்லை. வழக்கமாக வலது குழல் கால் சோக்கோ அதைவிடத் திறந்ததோ, இடது அரை அல்லது முழு. 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் முழுச் சோக் 70 சதவீத ரவையைப் போடும், அரை 60, கால் 55. பெரிய காகிதத்தை ஒட்டிச் சுட்டு எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். இரும்பு ரவைத் தோட்டா மட்டும் பழைய குழலுக்கு ஆகவே ஆகாது. ஈயம் போல நசுங்கிக் கொடுக்காது, சோக் இருக்கும் இடத்தில் குழலை வெளியே தள்ளிவிடும்.

பாலாற்றங்கரை

தட்டுக்காரர் சொன்ன ஸ்பிரிங் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுட்டுத் தேய்ந்த துப்பாக்கியைவிட, வைத்தே கெட்ட துப்பாக்கிதான் நம் பக்கம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று போதும். தோல் பெட்டிக்குள் பூட்டி வைப்பதுதான் முதல் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக இரும்புக்குக் கொடுக்கும். துணி உறையும் அப்படியே. காற்றோட்டமான இரும்பு அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துத் துடைப்பு. இவ்வளவுதான்.

சுட்ட அன்றே சுத்தம் செய்யுங்கள். மூன்றாகக் கழற்றி, முதலில் உலர்ந்த காகித உருண்டையைத் தள்ளிக் கரியை எடுக்க வேண்டும். பிறகு கரைப்பான் தோய்த்த பித்தளைப் பிரஷ், சேம்பர் பக்கமிருந்து வாய்ப்பக்கம். சேம்பரை ஒட்டினாற்போல் சாம்பல் கோடு தெரிந்தால் ஈயமோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருக்கிறது, அங்கே நாலு தடவை கூட இழுங்கள். கடைசியில் துணியில் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய். சொட்டு என்றால் சொட்டுதான். அதிகம் போட்டு நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் வழிந்து ஸ்டாக்கின் தலைக்குள் இறங்கும், வால்நட் மரம் கறுத்துப் பஞ்சாகிவிடும். அதனால் எப்போதும் வாய் கீழே இருக்க வைக்க வேண்டும். கீல் ஆணிக்கு எண்ணெய் வேண்டாம், அரிசி அளவு கிரீஸ். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருக்கிறது, விட்டுவிடுங்கள், நாளாகப் பிசினாகி எஜெக்டரைக் கட்டிவிடும். மரத்துக்குக் கொதித்த ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து. வெயில் காலத்தில் கைவேர்வை உப்பு ஒரே இரவில் குழலின் நீல நிறப் பூச்சை அரிக்கும், தொட்டவுடன் துடைத்துவிடுங்கள்.

அணைக்கட்டு கொல்லைக்காரன்

எல்லாருக்கும் மிக்க நன்றி. கொல்லைக் காவலுக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், ஒற்றைக்குழலும் இப்போதைக்கு இல்லை. ஆர்மரரிடம் அளந்த பிறகு தட்டுக்கு மட்டும். இரண்டு சந்தேகம். தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் என்ன செய்வது? தோட்டா இல்லாமல் குதிரையை (விசையை) வெறுமனே தட்டிப் பார்க்கலாமா?

கைலாசகிரி அடிவாரம்

ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைக்கத்தான் வேண்டும். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் வைக்கலாமா என்று ஸ்டேஷனிலேயே கேளுங்கள், அனுமதித்தால் அதுவே நல்லது. எதுவானாலும் உள்ளும் வெளியும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக எண்ணெய் பூசி, துரு தடுக்கும் வி.சி.ஐ. உறையில் போட்டுக் கொடுங்கள். ரசீதில் குழலின் எண்ணும், பூட்டும் பொறியும் இருக்கும் உடல்பகுதியான ஆக்‌ஷனின் எண்ணும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கீறலோ நசுங்கலோ ஏற்கெனவே இருந்தால் அதையும் எழுதி, நான்கு பக்கமும் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கிய அன்றே முழுச் சுத்தம்.

குடியாத்தம் தட்டுக்காரன்

வெறுமனே தட்டக் கூடாது. அடிக்கும் ஊசி எதிலும் மோதாமல் போய் நுனி முறியும். ஸ்நாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) இரண்டு வாங்கி, அதைப் போட்டுத் தட்டி ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு வையுங்கள். 12 போருக்கானதுதானா என்று பார்த்து வாங்குங்கள். 20 போர் சாமான் எதுவும் அந்த அலமாரியிலேயே இருக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் சேம்பரைத் தாண்டி உள்ளே வழுக்கிப் போய் நின்றுவிடும். காலியென்று நினைத்துப் பின்னால் 12 போர் ஒன்றைப் போட்டுச் சுட்டால், இடது கை பிடித்திருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும்.