6013 வெல்டிங் ராடு ஒட்டிக்கொள்கிறது, ஆம்பியர் ஏற்றினால் இரும்பு டியூப் ஓட்டையாகிறது. என்ன செய்யலாம்?

மடிப்பாக்கம் மாடிவீடு:
மொட்டை மாடிக் கதவின் அடிச்சட்டம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. வெல்டரைக் கூப்பிட்டால் பத்து நாளாக "மழை விடட்டும் சார்" என்கிறார். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று நண்பரிடம் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கி வந்தேன். டியூப் ஒரு இன்ச் எம்.எஸ். (சாதா இரும்பு) ஸ்கொயர், கனம் 1.6 மி.மீ. ராடு 6013, 3.15 மி.மீ.

90 ஆம்பியரில் ராடு ஒட்டிக்கொள்கிறது. ஆட்டிப் பிடுங்கினால் மேல்பூச்சு பொரிந்து விழுகிறது. 130 வைத்தால் பற்றுகிறது, ஆனால் உடனே பட்டாணி அளவு ஓட்டை. தப்பித்தவறி நின்ற வெல்டிலும் மேலே படிந்த கசடைத் தட்டினால் ஊசி குத்தியதுபோல் துளைகள். மெஷின் கோளாறா?

கேட் கிரில் பிரியன்:
7018 ராடு வாங்குங்கள் ப்ரோ. அதுதான் ஸ்ட்ராங்.

அம்பத்தூர் ஃபிட்டர்:
தம்பி, மாடிக் கதவுக்கு எதற்கு 7018? அது ஈரம் பட்டால் 6013-ஐவிட மோசம். 300 டிகிரிக்கு மேல் ஓவனில் காயவைக்க வேண்டும். ராடு பெயரில் முதல் இரண்டு எண் வெல்டின் இழுவிசை: 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கதவு அதற்குமேல் கேட்கப்போவதில்லை.

சார், மூன்று கேள்வி. ராடு எங்கே இருந்தது? கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? மெஷினிலிருந்து இரும்புக்கு வரும் எர்த் கிளாம்ப் எதில் மாட்டியிருக்கிறது?

மடிப்பாக்கம் மாடிவீடு:
பிரித்த பாக்கெட், ஆடி மாதத்திலிருந்து மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. கரண்ட் கீழே ஹாலிலிருந்து, 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன், பாதி ஒயர் ரீலிலேயே சுற்றியிருக்கிறது. எர்த் கதவின் மேல்சட்டத்தில். பெயின்ட்டைச் சுரண்டவில்லை...

அம்பத்தூர் ஃபிட்டர்:
மெஷினைத் திட்டாதீர்கள். மெல்லிசு ஒயரில் அவ்வளவு தூரம் வந்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். எர்த்தும் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் மின்பொறி, பிடிக்காமல் ராடு ஒட்டத்தான் செய்யும். அந்தக் குறையை மறைக்க 130-க்குத் திருப்புகிறீர்கள், ஆர்க் பிடித்த நொடியே 1.6 டியூப் கரைகிறது. ரீலில் சுற்றிய ஒயர் சூடேறி உருகும், முழுக்கப் பிரித்துப் போடுங்கள். கனமான ஒயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஊசித் துளை வேறு கதை. அது ஈரம், துரு, பெயின்ட். இரண்டு ராடை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டிங்' என்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். பற்றும்போது படபடவென்று பொரிந்தாலும் ஈரம்தான். 6013-ஐ 100 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம் காயவைக்கலாம், ஆனால் பூச்சு உதிர்ந்ததைத் தூக்கிப் போடுங்கள். சமையல் அடுப்பு ஓவனில் வைத்தால் வீட்டில் அடி விழும், அதற்கு நான் பொறுப்பில்லை.

புதிதாக 2.5 மி.மீ. பாக்கெட் வாங்கி, 65–70 ஆம்பியர், ராடு பிடிக்கும் ஹோல்டரை மெஷினின் மைனஸில் மாட்டுங்கள். துருவைக் கிரைண்டரில் வெள்ளை தெரியும்வரை எடுங்கள். நீளமாக இழுக்காமல் அரை அங்குலம் வைத்து நிறுத்தி, சிவப்பு மங்கியதும் அடுத்தது.

அப்புறம் முக்கியமானது: ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். ராடு மாற்றும்போது ஈரக் கையுறையும் வேண்டாம்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
தட்டிப் பார்த்தேன், மொத்தென்றுதான் கேட்டது! அதே மெஷின், 2.5 ராடு, 70-இல் முதல் தட்டிலேயே பற்றியது. கசடு தானாகச் சுருண்டு கழன்றது. பழைய பட்டாணி ஓட்டையை எப்படி அடைப்பது?

அம்பத்தூர் ஃபிட்டர்:
உள்ளே நேராகக் குத்தாதீர்கள், பெரிதாகும். விளிம்பில் ஒரு பொட்டு, ஆறவிடுங்கள், எதிர் விளிம்பில் ஒரு பொட்டு. ஒவ்வொரு பொட்டுக்கும் கசடைத் தட்டி எடுங்கள். பெரிய ஓட்டை என்றால் ஒரு துண்டுத் தகடு வைத்துச் சுற்றிப் பற்றவையுங்கள்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
ஆறு பொட்டில் மூடிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் கதவுக்குப் பின்பக்கம்தான். மழை விட்டதும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கிறேன். நன்றி அண்ணே.