மாதர் சங்க அனர்த்தக் குழு, நாவலடி

கடைசி ஒழுங்கை மாமி: வெள்ளம் வளவ விட்டு வடிஞ்சிட்டு. கிணத்துக்க ஒரே கலங்கல். பொடியன்மார் மெஷின் கொண்டு வாறாங்களாம். எல்லாக் கிணத்தையும் இண்டைக்கே வத்த இறைச்சித் தாறமெண்டு சொல்றாங்க.

செயலாளர் அக்கா: மறிச்சு வைங்க மாமி. வத்த இறைக்கவே ஒண்ணா. நம்மட இடம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடக்கிற மணல். நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிசாத்தான் நிக்குது. வத்த இறைச்சா கீழ இருக்கிற உப்பு மேல ஏறிரும். 2004 சுனாமிக்குப் பிறகு திரும்பத் திரும்ப இறைச்ச கிணறுகள்ள உப்பு தணியாம நிண்டது இதாலதான். மணல் சரிஞ்சு கிணத்துக் கொட்டும், அந்த வளையமும் கீழ இறங்கிரும்.

செயலாளர் அக்கா: மெஷின கிணத்துக்க இறக்கவும் விடாதீங்க. அந்தப் புகை கிணத்துக்கயே தங்கும். பிறகு இறங்கிற ஆள் மயங்கி விழுந்தா, தூக்கப் போற ஆளும் விழும்.

மச்சாள்: அப்ப என்னகா செய்யிற?

தண்ணிக் குழு தங்கச்சி: மிதக்கிற குப்பைய அள்ளுங்க. வாளியால மெல்ல மெல்ல அள்ளி ஊத்துங்க, பாதிக்குக் கீழ போகாம. கலங்கல் தெளியாம மருந்து போட்டா சேறே குளோரினத் திண்டிரும், கிருமி சாகாது.
மறுகா அளவு. கயித்தில கல்லுக் கட்டி விட்டு நனைஞ்ச நீளத்தப் பாருங்க, அதான் ஆழம். விட்டம் × விட்டம் × 0.785 × ஆழம், எல்லாம் மீற்றர்ல. விட்டம் 1.2, ஆழம் 2 எண்டா 2.26 கன மீற்றர்.
20 லீற்றர் பிளாஸ்டிக் வாளித் தண்ணியில 70 வீதக் குளோரின் தூள் 50 கிராம். தண்ணிக்குள்ளதான் தூளப் போடணும், தூளுக்கு மேல தண்ணி ஊத்தக் கூடா. கையுறை, முகக்கவசம் கட்டாயம். ஒரு கன மீற்றருக்கு 10 லீற்றர் கரைசல், அந்தக் கிணத்துக்கு 23 லீற்றர் அளவு. ஒரு இரவு விடுங்க.

மச்சாள்: எங்கட்ட ரி.சி.எல். எண்ட பிளீச்சிங் பவுடர்தான் கிடக்கு, போன மாரிக்கு உடைச்ச பை.

தண்ணிக் குழு தங்கச்சி: அது ஒண்ணா மச்சாள். உடைச்சு வச்சா வெக்கைக்குச் சத்துப் போயிரும். புதுப் பவுடர் எண்டாலும் 70 வீதத் தூளின்ர பாதிச் சத்துத்தான், இரட்டிப்பாப் போடணும். சங்கத்தில 70 வீதத் தூள் புது வாளி இருக்கு, திறப்பு அக்காட்ட.

செயலாளர் அக்கா: இனி புரட்டாசியிலயே வாங்கி வைப்பம். இப்பத்த மழை நாலு நாளைக்குள்ள கொட்டுது. ரோட்டு முங்கினா ஒண்டும் வந்து சேராது.

மிட்வைஃப் மிஸ்: எந்தக் கிணறு முதல் எண்டு என்ர பட்டியல்படி போங்க. பிள்ளத்தாச்சி வீடு, கைக்குழந்தை வீடு, படுக்கையில இருக்கிறவங்க வீடு, பிறகு பொதுக் கிணறு. குளோரின் போட்டாலும் குழந்தைக்குக் கொதிக்க வச்ச தண்ணிதான். உப்புக் கரிச்சா கொதிக்க வச்சும் போகாது, அந்த வீட்டுக்கு பவுசர் லொறியில வாற தண்ணி.

கடைசி ஒழுங்கை மாமி: பொடியன்மாரிட்ட சொல்லிட்டன். மெஷின விட்டுட்டு வாளியோட வாறாங்க.

செயலாளர் அக்கா: நல்லது மாமி. காலில புண் இருக்கிறவன் சேத்துக்க இறங்க வேணாம், எலிக்காய்ச்சல் வரும். நாளைக்குப் பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து குளோரின் பாப்பார். லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழ எண்டா திரும்பப் போடணும். அவர் சரியெண்டு சொல்ற வரைக்கும் குடிக்க எடுக்காதீங்க.