மறு: ‘ஏர் பெல்’ – குமிழ்த்தடமா, குமிழ்வடுவா?

> கலர் ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்களுக்கான கையேட்டில், நெகட்டிவில் விழும் ‘ஏர் பெல்’, ‘ஃபோம் மார்க்’ எல்லாவற்றுக்கும் சேர்த்துக் ‘குமிழ்த்தடம்’ என்று போட்டுவிடலாமா?

வணக்கம்.

குமிழ்த்தடம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதுவே என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கையேட்டைப் புரட்டுகிறவர் ஒரு கையில் ஈர ஃபிலிமோடு நிற்பார். இது போகுமா போகாதா, அடுத்த ரோலில் எதை மாற்ற வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஒரே பெயர் வைத்தால் நான்கு கோளாறுகளுக்கும் ஒரே மருந்தைத் தேடுவார்.

முதலில் ஏர் பெல், அதாவது ஃபிலிமில் ஒட்டிய காற்றுக்குமிழ் விட்டுப்போகும் புள்ளி. கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையில், படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பருக்கு 37.8 டிகிரி சூட்டில் 3 நிமிடம் 15 விநாடிதான். கருப்பு வெள்ளையில் எட்டுப் பத்து நிமிடம் இருப்பதால், ஆரம்பத்தில் ஒட்டிய குமிழ் சற்றுப் பொறுத்து விலகினாலும் அந்த இடம் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். இங்கே அதற்கு நேரமில்லை. குமிழ் உட்கார்ந்த இடத்தில் டெவலப்பர் படாது, சாயமும் உருவாகாது. நெகட்டிவில் வானம் மாதிரி அடர்த்தியான பகுதியைப் பாருங்கள்: விளிம்பு கூர்மையான சின்ன வட்டம், ஃபிலிம் ஓரத்து ஆரஞ்சுக்குக் கிட்டத்தட்ட வெளுத்திருக்கும். பிரிண்டில் அது கரும்புள்ளி. மறுபடி எதில் முக்கினாலும் வராது, ஸ்கேனில் ஒட்டுப்போடுவது ஒன்றுதான் வழி. அதனால் ‘தடம்’ வேண்டாம், ‘வடு’ சரி. குமிழ்வடு.

இதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருந்த காற்று வெளியே வரும். சொம்பின் உள்பக்கம் பொடிப்பொடியாக முத்துக் கோத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபிலிம் கழுவும் டேங்குக்குள் அதே வேலை ஃபிலிம் மேல் நடக்கிறது. டெவலப்பரை முன்கூட்டியே வெந்நீர் வாளியில் வைத்து நிதானமாகச் சூடேற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் பாட்டிலைக் குலுக்க வேண்டாம், அது டெவலப்பரையும் சீக்கிரம் கெடுக்கும். அதே சூட்டுத் தண்ணீரில் ஃபிலிமை ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். வெளியே வரும் தண்ணீர் பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் பதற வேண்டாம். டெவலப்பரை ஊற்றி மூடியதும் டேங்கின் அடியை மேசையில் இரண்டு மூன்று தட்டு, கொஞ்சம் உறைக்கவே தட்டுங்கள். பிறகு ஒவ்வொரு முறை கவிழ்த்து நிமிர்த்திய பின்னும் ஒரு தட்டு.

அப்புறம் நுரை. இதன் அடையாளம் வேறு. வட்டமாக இருக்காது; ஃபிலிமின் ஒரே ஓரமாக, டேங்கில் மேலே இருந்த பக்கத்தில், நீளவாக்கில் அடர்த்தி குறைந்து மங்கலாக ஓடும். நுரைப்பட்டை என்று சொல்லலாம். போன தடவை ஃபிலிமைக் கடைசிக் கரைசலான ஸ்டெபிலைசரில், அது சுற்றியிருந்த ரீலோடு முக்கி, வெறும் தண்ணீரில் அலசி வைத்திருப்போம். அதில் இருக்கும் சோப்பு மாதிரிப் பொருள் ரீலின் வரிப்பள்ளங்களில் ஒளிந்துகொண்டு, அடுத்த முறை டெவலப்பரில் நுரைக்கும். ரீலையும் டேங்கையும் வெந்நீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். இன்னும் நல்லது, ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றி ஒரு கிண்ணத்தில் தனியாக ஸ்டெபிலைசர் காட்டுவது. டேங்கில் அளவு குறைந்தாலும் நுரை ரீலின் தலைமேல் உட்காரும். பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரீலுக்கு 290 மில்லி என்று போட்டிருந்தால் 300க்கு மேலேயே ஊற்றுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

> பிளிக்ஸ் ஊற்றியதும் மூடி தெறிக்கிறதே, அதுவும் நுரைதானே?

இல்லை ஐயா, அது வாயு. டெவலப்பரில் கார்பனேட் இருக்கிறது; அதற்குப் பிறகு ஃபிலிமிலிருந்து வெள்ளியைக் கரைத்து நீக்கும் கரைசலான பிளிக்ஸ் அமிலத்தன்மை கொண்டது. மிச்சம் ஒட்டியிருந்த டெவலப்பர் பிளிக்ஸில் கலந்ததும் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி மூடியைத் தள்ளுகிறது. நடுவில் ஒரு முறை தண்ணீர் விட்டு அலசினால் குறையும். பிளிக்ஸ் ஊற்றிய முதல் நிமிடத்தில் மூடியை அடிக்கடி திறந்து மூடுங்கள், கையுறையோடு. இதற்குப் பெயர்ச்சொல் தேட வேண்டாம், ‘பிளிக்ஸ் பொங்குகிறது’ என்று வினையாகவே எழுதலாம். பெயராக்கினால் தை மாதம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

பிளிக்ஸில் குமிழ் ஒட்டினால் கதை தலைகீழ். அங்கே வெள்ளி கரையாமல் தங்கும். நெகட்டிவில் அழுக்கான கருமை, பிரிண்டில் வெளுப்பு. இதைக் குமிழ்வடு என்றால் படிக்கிறவர் ரோலைக் கைவிட்டுவிடுவார். வெள்ளித்தேக்கம் என்று தனியாக வையுங்கள். நல்ல பிளிக்ஸில் இன்னொரு முறை போட்டு, அலசி, ஸ்டெபிலைசர் காட்டினால் சரியாகிவிடும். வெளிச்சத்திலேயே செய்யலாம்.

கடைசியாக உலர்கறை. ட்யூப் லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் பளபளப்புப் பக்கத்தில் மேலாகத் தெரியும். போர் தண்ணீர் உப்பு. ஸ்டெபிலைசரைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கினால் போதும்.

இன்னொன்று. பேச்சில் நாம் ‘ஃபிலிம் கழுவுவது’ என்று முழு வேலையையும் சொல்கிறோம். அதை மாற்றச் சொன்னால் ஸ்டுடியோக்காரர் ஒருவரும் கேட்க மாட்டார். ஆகவே நடுவில் வரும் தண்ணீர்க் கட்டத்தை மட்டும் ‘அலசல்’ என்று கையேடு முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

———

மறு: மறு: ‘ஏர் பெல்’

அக்கா, குமிழ்வடு ஒப்புக்கொள்கிறேன். நுரைப்பட்டையில் ஒரு சந்தேகம். சிலருக்கு ஃபிலிம் ஓரத்து ஸ்ப்ராக்கெட் துளைகளை ஒட்டிக் கோடுகோடாக விழுகிறது. அதையும் அவர்கள் நுரை என்றுதான் சொல்கிறார்கள்.

———

மறு: மறு: மறு: ‘ஏர் பெல்’

தம்பி, அது இதற்கு நேர் எதிர். டேங்கை வெறிகொண்டு குலுக்கும்போது துளை வழியாகக் கரைசல் பீறிட்டு, அங்கே மட்டும் அடர்த்தி கூடும். நுரைப்பட்டையில் குறையும். ‘துளைக்கோடு’ என்று போடுங்கள். தீர்வு, மெதுவாகக் கவிழ்ப்பது. இந்த இரண்டுக்கும் படம் அருகருகே இருக்கட்டும். என்னிடம் நெகட்டிவ் இருக்கிறது, வார இறுதியில் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.