ரப்பர் சோல் மோனோ: குரல் வலது ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது, அவசரம்!

கருவட்டு:
பீட்டில்ஸின் ரப்பர் சோல் ரெக்கார்டு, மோனோ, இங்கிலாந்து அச்சு, உறையில் மோனோ எண் பிஎம்சி 1267. நேற்றுதான் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பாடுவது வலது ஸ்பீக்கரில் மட்டும், இடதில் டிரம்ஸும் கிட்டாரும். மோனோ என்றால் இரண்டிலும் ஒன்றுதானே வர வேண்டும்? கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டியிருக்கும் தலை) போச்சா? மோனோ கார்ட்ரிட்ஜ் ஆர்டர் போடப் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
என்ன டர்ன்டேபிள், என்ன ஆம்ப், மற்ற ரெக்கார்டுகள் எப்படிப் பாடுகின்றன? ஒன்றுமே சொல்லாமல் போச்சா என்றால்?

மயிலை33:
கார்ட்ரிட்ஜுக்குப் பின்னால் வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை என நான்கு கம்பி இருக்கும். ஒன்று தளர்ந்திருக்கும் தம்பி. அழுத்திவிடுங்கள்.

பழையபாட்டு:
முதலில் கழுவுங்கள். பாதி நோய்க்கு அழுக்குதான் காரணம். கொல்கத்தா தம்டம் ஆலையின் அச்சா?

ஊசிமுனை:
இங்கிலாந்து அச்சு என்றுதானே எழுதியிருக்கிறார்!

ராயர்:
கம்பி கழன்றால் அந்தப் பக்கம் ஊமையாகும், இல்லை உறுமும். டிரம்ஸை மட்டும் பிரித்துத் தர கம்பிக்கு அறிவு கிடையாது. குரல் வலது, வாத்தியம் இடது என்பது அந்த ஆல்பத்தின் ஸ்டீரியோ மிக்ஸ். இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது வழக்கம். பாட்டு முடிந்த பிறகு லேபிளைச் சுற்றி வெறும் வளையம் இருக்கிறதே, அதை விளக்கில் சாய்த்துப் பாருங்கள், ஒரு எண் பொறித்திருக்கும். எக்ஸ்இஎக்ஸ் 579 என்றால் மோனோ, ஒய்இஎக்ஸ் 178 என்றால் ஸ்டீரியோ. லேபிள் என்ன நிறம்?

மயிலை33:
ஸ்டீரியோவாகவே இருந்தாலும் ஆம்பில் மோனோ பட்டனை அழுத்தினால் முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை பாடு?

ராயர்:
முடியாது. அது ஸ்டீரியோவைக் கலந்த கலவை. மோனோ மிக்ஸ் தனியாகச் செய்தது. அந்தக் காலத்தில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் மெனக்கெட்டதே மோனோவுக்குத்தான்.

பழையபாட்டு:
1965 மோனோவுக்கு முனை ஆரம் 25 மைக்ரான் உள்ள உருண்டை ஊசி வேண்டும். அது இல்லாமல் பேசிப் பயனில்லை.

ஊசிமுனை:
அண்ணே, அது ஐம்பதுகளின் ரெக்கார்டுக்கு. 65க்கு 18 போதும். கருவட்டு, அவசரப்பட்டு மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டாம். சில பழைய மாடல்களில் ஊசி மேல்கீழாக அசையாது, ஸ்டீரியோ ரெக்கார்டின் பள்ளத்தைத் தேய்த்துவிடும்.

பழையபாட்டு:
18 வைத்துக் கேட்டால் அடியில் இருக்கும் தூசியைத்தான் கேட்பீர்கள்.

மயிலை33:
லவுட் கட் எனப்படும் முதல் மோனோ வெட்டு, 579-1, வைத்திருக்கும் யாராவது இதற்குத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ராயர்:
சத்தம் அதிகமென்று சீக்கிரமே மாற்றி வெட்டிவிட்டார்கள். அது கையில் இருப்பவர் இங்கே வந்து மைக்ரான் பேச மாட்டார்.

கருவட்டு:
ஒய்இஎக்ஸ் 178 என்றுதான் இருக்கிறது. லேபிள் கறுப்பு, வெள்ளி எழுத்து, இஎம்ஐ கம்பெனியின் பெட்டி முத்திரை இரண்டு. எண் பிசிஎஸ் 3075, ஸ்டீரியோவுக்கானது. உறை மட்டும்தான் மோனோ. விற்றவர் போனை எடுக்கவில்லை.

ராயர்:
எழுபதுகளின் மறுஅச்சு. 65 அச்சென்றால் எழுத்து மஞ்சளாக இருக்கும். லேபிளைப் படித்திருந்தால் இந்த இழையே வேண்டாம்.

ஊசிமுனை:
விடுங்கள் ராயர் சார். கருவட்டு, விற்றவர் போட்ட விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க அதுதான் பிடி.

பழையபாட்டு:
எப்படியும் ஒருமுறை கழுவிப் பாருங்கள்.

மயிலை33:
கருவட்டு தம்பி, அந்த உறையை மட்டும் கொடுப்பீர்களா? என்னிடம் பிஎம்சி 1267 ஒன்று செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது.