டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வேர் அழுகுகிறது, காப்பாற்ற வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி. போன தை மாதம் ஊதா டென்ட்ரோபியம் ஒன்று வாங்கினேன். ஃபலனாப்சிஸ் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட் பூக்காம்பு விடுவதற்கு இரவில் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும், நம் ஊர் வெக்கைக்கு டென்ட்ரோபியம்தான் சரி என்று படித்துவிட்டுத்தான் வாங்கினேன். பூ இரண்டு மாதம் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு மாமி பிளாஸ்டிக் பூ என்றே நினைத்துவிட்டார்!

அப்புறம்தான் சிக்கல். சித்திரை வெயிலில் வாடிவிடுமோ என்று பயந்து தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். இப்போது கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பாதி வேர் பழுப்பு, அழுத்தினால் கொழகொழவென்று வருகிறது. மீதி கெட்டியாக இருக்கிறது. காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. வாங்கும்போதே தேங்காய் நாரை இறுக்கி அடைத்திருந்தார்கள். அதை மாற்றாதது என் சோம்பேறித்தனம்.

அழுகியதை வெட்டிவிட்டு, மரக்கரியும் உடைத்த செங்கல்லும் போட்டு, பக்கத்தில் ஓட்டை உள்ள மண்தொட்டிக்கு மாற்றப் போகிறேன். வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைப் பொடி தடவலாமா? நல்ல வேரையும் அது உலர்த்திவிடும் என்கிறார்களே.

எங்கள் போர் தண்ணீர் உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை யாராவது ஆர்க்கிட்டுக்கு ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று: இலை உதிர்ந்த பழைய தண்டின் கணுவில் ஒரு குட்டிச் செடி வந்திருக்கிறது, வேர் ஓர் அங்குலம் இருக்கும். இப்போதே பிரிக்கலாமா, தாய்ச்செடி தேறும்வரை விடலாமா? சென்னையில் வளர்ப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.